மஹீனின் கையில் ஒரு வில்லை

பாடம் நடக்கும்போது மிட்டாய் தின்னக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது. கேட்காமல் எழுந்து வெளியே போகக் கூடாது. ஆம்பூரில் அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எல்லாருக்கும் இந்தச் சட்டங்கள் தெரியும்.

மஹீனுக்கு மட்டும் இந்தச் சட்டங்கள் எதுவும் கிடையாது. அதை நினைத்தாலே பூர்ணிமாவுக்கு வயிறு எரியும்.

அன்றைக்கும் அப்படித்தான். எழிலரசி டீச்சர் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறைக்குள் இருந்து 'டிங் டிங் டிங்' என்று சத்தம் வந்தது. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்.

"மஹீன், கம்மியா காட்டுது. ஜூஸ் குடிச்சுடும்மா" என்றார்.

மஹீன் பையிலிருந்து ஒரு சின்ன ஜூஸ் டப்பாவை எடுத்து, எல்லார் முன்னாலும் உறிஞ்சிக் குடித்தாள். மாம்பழ ஜூஸ்! அந்த வாசனை மூன்றாவது வரிசைவரைக்கும் வந்தது.

"டீச்சர், எனக்கும் கம்மியா போகுது டீச்சர்!" என்று ஜோசுவா கை தூக்கினான்.

"உனக்கு மார்க்குதாண்டா கம்மி. உக்காரு."

வகுப்பே சிரித்தது. பூர்ணிமா மட்டும் சிரிக்கவில்லை.

மஹீன் இந்த வருடம்தான் பேரணாம்பட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் உடம்பில் இன்சுலின் சுரக்காது. அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வாள். அவளது மேல்கையில் வெள்ளை நிறத்தில் வட்டமாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதன் அடியில் முடியை விட மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போயிருக்கிறதாம். உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது கண்டுபிடித்துப் போனுக்குச் சொல்லிவிடும். எண் ஒன்று தெரியும். பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் தெரியும்; ஏறினால் மேலே, இறங்கினால் கீழே, மாறாமல் இருந்தால் நேராக.

அந்த வில்லை இன்னும் கடைக்கே வராத புதுசு. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர்கள், நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில பிள்ளைகளுக்கு அதை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

சரி, ஒட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் போன் பக்கத்திலேயே இருந்தால்தான் வில்லை பேசும். போன் டீச்சர் மேசையில் இருக்கும். ஆகவே, மஹீன் டீச்சர் மேசைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும்.

அது பூர்ணிமாவின் இடம்!

ஒன்றாம் வகுப்பிலிருந்து முன் பெஞ்சில் பூர்ணிமாவும் பாக்யலட்சுமியும்தான் உட்காருவார்கள். இப்போது பூர்ணிமா மூன்றாவது வரிசையில். பாக்யா மட்டும் அதே இடத்தில், மஹீனின் தோளை உரசிக்கொண்டு. போதாக்குறைக்கு, இடைவேளையில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி, "மஹீனோட நம்பர் இப்ப நூத்தி இருபது!" என்று எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டு திரிகிறாள்.

"நூத்தி இருபதா இருந்தா இன்னா, இருநூறா இருந்தா இன்னா" என்று முணுமுணுத்தாள் பூர்ணிமா.

ஆனாலும் அவள் கண் மஹீனை விட்டு நகரவே நகராது. மஹீன் எப்போது குடிக்கிறாள், எப்போது ஊசி போடுகிறாள், டீச்சர் என்ன கேட்கிறார், அவள் என்ன சொல்கிறாள், எல்லாவற்றையும் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடத்தைக்கூட அவள் அப்படிக் கவனித்ததில்லை.

பூர்ணிமாவின் அம்மா மோகனா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். வீட்டில் அறுந்த செருப்பை ஒட்டுவதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் சொல்யூஷன் வைத்திருப்பார். தோலையும் ரப்பரையும் பிடித்து இழுத்தாலும் விடாத பசை அது. ஷூவின் உள்பக்கம் வைக்கும் வெள்ளை லைனிங் துண்டுகளும் ஒரு பையில் கிடக்கும்.

ஒரு நாள் காலையில் அம்மா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதும், பூர்ணிமா பத்து ரூபாய்க் காசை லைனிங் துண்டின் மேல் வைத்து வட்டம் போட்டாள். கத்தரியால் அழகாக வெட்டினாள். நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அசல் வில்லை மாதிரியே இருந்தது!

அதைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அவள் ஷூ கம்பெனிக்காரரின் மகள் அல்லவா? எதை ஒட்டினாலும் முறையாக ஒட்டத் தெரியும். சொல்யூஷனை வில்லையிலும் தடவினாள், கையிலும் தடவினாள். அம்மா செய்வதுபோலவே இரண்டு பக்கமும் காயும்வரை காத்திருந்தாள். பிறகு கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

செருப்புக்கு அடி ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. 'இது இன்னா?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சட்டைக் கையை இழுத்து வில்லையை மூடிக்கொண்டாள். பதினோரு மணிக்கு அரித்தது. பன்னிரண்டு மணிக்கு எரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் யாருக்கும் தெரியாமல் குழாயடிக்குப் போய், நகத்தால் அதைப் பிய்க்கப் பார்த்தாள். வில்லையோடு தோலும் சேர்ந்து இழுபட்டது. "ஸ்ஸ்ஸ்!"

"பிய்க்காதே!"

திரும்பினால், மஹீன்! கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

உலகத்தில் யார் கண்ணில் படக் கூடாது என்று பூர்ணிமா நினைத்தாளோ, அவளே வந்து நிற்கிறாள். பூர்ணிமா கையைப் பின்னால் மறைத்தாள்.

மஹீன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். வில்லையைப் பார்த்தாள். நடுவிலிருந்த பேனாப் புள்ளியையும் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள், பாக்யாவைக் கூப்பிடப்போகிறாள் என்று பூர்ணிமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுல ஒட்டினே?"

"சொல்யூஷன்."

"அரே! செருப்புக்கு ஒட்டறதா? எனக்கும் கழட்டறப்போ இப்படித்தான் எரியும். எண்ணெய் வெச்சா தானா வரும். எண்ணெய் இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல எண்ணெய்க்கு எங்க போறது?"

மஹீன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பூர்ணிமாவின் இரட்டைப் பின்னலில் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். மோகனா தலைக்கு எண்ணெய் வைத்தால் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். மஹீனின் உள்ளங்கை பளபளத்தது. அந்த எண்ணெயை வில்லையின் ஓரத்தில் தடவினாள். மறுபடி பின்னல், மறுபடி வில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் நெகிழ்ந்தது. கடைசியில் வில்லை வழுக்கி வந்துவிட்டது.

"உன் தலையில ஒரு கடையே நடத்தலாம் போ" என்றாள் மஹீன்.

பூர்ணிமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே அடக்கிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று மட்டும் சொன்னாள். நன்றி சொல்லக்கூட இல்லை.

அன்று மாலை அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டார். "இன்னாடி இது, செவந்துபோய்க் கெடக்கு?"

"கொசும்மா."

"காசு வெச்சு அளவெடுத்துக் கடிக்கிற கொசுவா?"

அதற்குமேல் மறைக்க முடியுமா? பூர்ணிமா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. காயத்துக்கு மருந்து தடவினார். சொல்யூஷன் டப்பாவை எட்டாத பரணில் வைத்தார்.

பூர்ணிமா கேட்டபடியே மஹீன் நடந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்காகவாவது பூர்ணிமாவின் பொறாமை போயிருக்க வேண்டும். ஆனால் பொறாமை அவ்வளவு சுலபமாகப் போகிற விருந்தாளி இல்லையே! 'வில்லையும் அவளிடம் இருக்கிறது, நல்ல குணமும் அவளிடமே இருக்கிறதா?' என்று பூர்ணிமாவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக எரிந்தது.

அந்த வாரம் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பு ஏலகிரிக்குச் சுற்றுலா போகிறது. மலை, ஏரி, படகு! வகுப்பில் கூரை பறந்துவிடும்போல ஒரே கூச்சல்.

மறுநாள் மஹீனின் அம்மா குர்ஷித், கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"மஹீன் வரமாட்டா டீச்சர். மலையில பாதி தூரம் டவர் கெடைக்காதாம். அவ போன்லேர்ந்து நம்பர் என் போனுக்கு வராது. சின்னவனை வெச்சுக்கிட்டு நானும் கூட வர முடியாது."

"நான் பாத்துக்கறேங்க" என்றார் டீச்சர்.

"உங்களுக்கு நாப்பது புள்ளைங்க டீச்சர். எனக்கு இவ ஒருத்திதான் பொண்ணு."

மஹீன் தலையைக் குனிந்தாள். பென்சிலைச் சீவினாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள்.

குர்ஷித் போன பிறகு டீச்சர் பெருமூச்சு விட்டார். "சரி. பஸ்ஸில முன் சீட்டுல பூர்ணிமாவும் பாக்யாவும் உக்காந்துக்குங்க."

பாக்யா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! பூர்ணிமா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. முன் சீட்டு, பாக்யா, டீச்சர் பக்கத்தில் இடம்.

பூர்ணிமாவுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மஹீன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி. சாயங்காலம் அம்மா முருகன் படத்துக்கு விளக்கேற்றினார். பூர்ணிமா கை கூப்பினாள்.

"சாமி, நாளைக்கு மழை வரக் கூடாது. பஸ்ஸில எனக்கு வாந்தி வரக் கூடாது. அப்புறம், மஹீன்..."

அங்கே நின்றுவிட்டாள். மஹீனின் அம்மா மனசு மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்க வந்தாள். வாய் வரவில்லை. முருகன் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாமியிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிற ஒரு ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அம்மா, மஹீன் வீட்டுக்குப் போகணும். கூட வர்றியா?"

"இப்பவா? எதுக்கு?"

"போற வழியில சொல்றேன்."

சொன்னாள். மோகனா மகளின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

குர்ஷித் கதவைத் திறந்தார். "அரே, பூர்ணிமாவா! உள்ள வா பேட்டி, வா மகளே. வாங்கக்கா."

பூர்ணிமா உட்காரக்கூட இல்லை. மூச்சு விடாமல் சொன்னாள்: "ஆன்ட்டி, நாளைக்கு மஹீனை அனுப்புங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். டவர் இல்லன்னாகூட பக்கத்துல இருக்கற போனுக்கு நம்பர் வரும். நான் பாத்துட்டே வர்றேன். டவர் கெடைச்ச எடத்துல எல்லாம் டீச்சரை உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன்."

குர்ஷித் சிரித்தார். "நம்பர் பாத்தா போதுமா? எழுபதுக்குக் கீழ போனா இன்னா பண்ணுவே?"

"ஓட விடமாட்டேன். டீச்சர்கிட்ட சொல்லிட்டு ஜூஸ் குடுப்பேன். கால் மணி நேரம் உக்கார வெச்சுட்டுத் திரும்பப் பாப்பேன்."

குர்ஷித்தின் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டார். "ஜூஸ் இல்ல. மக்கன் பேடா ஸ்வீட்தான் இருக்கு. குடுப்பியா?"

"அதுல நெய் ஜாஸ்தி ஆன்ட்டி. சர்க்கரை சீக்கிரம் ஏறாது. சர்க்கரையைத் தண்ணியில கலக்கித் தருவேன்."

"நம்பர் ரொம்ப ஜாஸ்தியா போனா?"

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ணக் கூடாது. ஊசி விஷயம் பெரியவங்களோடது. டீச்சரைக் கூப்பிடுவேன்."

குர்ஷித் மோகனாவைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை 'ங்கா' என்றது.

"இவ்ளோ விஷயம் எப்படித் தெரியும் உனக்கு?" என்று கேட்டார் குர்ஷித்.

உள்ளறைக் கதவின் பின்னாலிருந்து மஹீனின் குரல் அம்மாவுக்குப் பதில் சொன்னது.

"அம்மி, அவ தினமும் என்னை முறைச்சுப் பாத்துட்டே இருப்பா. அதான்!"

பூர்ணிமாவின் காது சிவந்தது. "ஆமா ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "பொறாமையிலதான் பாத்தேன்."

குர்ஷித் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எதுக்குப் பாத்தியோ, போகட்டும். பாத்தியே!"

சனிக்கிழமை காலை பஸ்ஸின் முன் சீட்டில் மஹீனும் பூர்ணிமாவும் உட்கார்ந்தார்கள். டீச்சரின் பையில் கூடுதலாக ஜூஸ் டப்பாக்கள். போன் பூர்ணிமாவின் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு வந்தபோதும் அவள் எண்ணைப் படித்தாள். "நூத்தி முப்பது! அம்பு நேரா!" பின்சீட்டிலிருந்து ஜோசுவா கை தட்டினான்.

மலை மேல் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பூங்காவில் ஓடினார்கள். வழுக்கினார்கள். கூச்சல் போட்டார்கள். ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்றபோதுதான் மஹீன் பேசுவதை நிறுத்தினாள்.

ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. பூர்ணிமா போனை எடுத்துப் பார்த்தாள். அறுபத்து நான்கு. அம்பு கீழ்நோக்கி. பாட்டுச் சத்தத்தில் 'டிங்' கேட்கவே இல்லை! "டீச்சர், கம்மியாகுது!" என்று குரல் கொடுத்துவிட்டு ஜூஸை நீட்டினாள்.

மஹீன் அவள் கையைத் தட்டிவிட்டாள். "வேணாம் போ! எப்பப் பாரு என்னையே பாத்துட்டு! நீ, டீச்சர், அம்மி, டாக்டர், எல்லாரும் என்னையே பாக்கறீங்க! பேஜாரா இருக்கு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. 'இவளுக்காக எவ்வளவு செய்தேன்!' என்று பழைய எரிச்சல் ஒரு நொடி தலை தூக்கியது. ஆனால் மஹீனின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. விரல்கள் நடுங்கின. சர்க்கரை குறைந்தால் கோபமும் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தது பூர்ணிமாவுக்கு நினைவுக்கு வந்தது.

அதோடு, மஹீன் சொன்னதும் உண்மைதானே? நாள் முழுக்க எல்லாரும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அப்படிப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

பூர்ணிமா ஜூஸில் குழலைக் குத்தி, மஹீனின் கையில் வைத்தாள். "சரி. யாரும் பாக்கல. நீயே குடி." சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "பாக்யா, நீயும் திரும்பு. எல்லாரும் திரும்புங்க!"

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பி நின்றது. ஓடிவந்த எழிலரசி டீச்சர் ஒரு கணம் நின்று பார்த்தார். புரிந்துகொண்டார். அவரும் பாதி திரும்பி, ஓரக்கண்ணை மட்டும் மஹீன் மேல் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு எல்லாரும் மரத்தைப் பாக்கறோம்?" என்று ஜோசுவா கிசுகிசுத்தான்.

"பேசாம பாருடா. நல்ல மரம்" என்றாள் பூர்ணிமா.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழலில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் டப்பா காலியாகிற 'சர்ர்ர்'.

"திரும்பலாம்" என்றது ஒரு சின்னக் குரல். "சாரி பூர்ணிமா."

"அது நீ இல்ல. அறுபத்தி நாலு பேசிச்சு" என்றாள் பூர்ணிமா.

படகு வந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். பூர்ணிமா ஏறவில்லை. புல்லில் மஹீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு படகுகள் போய்விட்டன. எண் மெல்ல மெல்ல ஏறியது. தொண்ணூறு. நூற்றிரண்டு. அம்பு நேராக நின்றது. டீச்சரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இப்பப் போலாம்!" என்று இருவரும் துள்ளி எழுந்து, அடுத்த படகில் டீச்சருக்கு முன்னால் ஏறினார்கள். உயிர்காப்புச் சட்டைகளில் இருவரும் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய்கள் போல இருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே பூர்ணிமா கரையைப் பார்த்தாள். அங்கே பாக்யா உயிர்காப்புச் சட்டையோடு நின்றிருந்தாள். முதல் படகிலேயே போயிருக்கலாம், போகவில்லை. மஹீனையும் பூர்ணிமாவையும், பூர்ணிமாவின் மடியிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

அந்தப் பார்வையைப் பூர்ணிமாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்த பார்வை அது!

பூர்ணிமா நகர்ந்து நடுவில் இடம் விட்டாள்.

"ஏய் பாக்யா, இன்னா அங்கேயே நிக்கறே? வா, எங்க நடுவுல உக்காரு. அம்புக்குறி எப்படிப் பாக்கணும்னு சொல்லித் தர்றேன்."

பாக்யா தடதடவென்று ஓடிவந்து ஏறினாள். படகு ஒருமுறை பலமாக ஆடிவிட்டு, மூன்று பூசணிக்காய்களையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் நகர்ந்தது.